அம்பாரி யானை நம் தெருவில் திரும்பும்

அக்ரஹாரம், மைசூர்
1934 செப்டம்பர் 20

மகாகனம் பொருந்திய மைத்துனர் நஞ்சுண்டசாமி அவர்கள் சமூகத்துக்கு, ரத்தினசாமி அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் தங்கள் தங்கை கமலம்மாளும் சௌக்கியம். கொள்ளேகாலில் தாங்களும் மாடு கன்றுகளும் சௌக்கியமா என்று எழுதவும்.

ஜெயித்துவிட்டேன் மச்சான்! முனிசிபாலிடி எலெக்‌ஷனில் வக்கீல் மாதப்பனை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டேன். கழுத்தில் மாலையோடுதான் இதை எழுதுகிறேன், கழற்ற மனம் வரவில்லை. அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ரத்தினசாமி ஜெயித்தால் தெருக்குழாய்க்கெல்லாம் பூட்டுப் போட்டுவிடுவான் என்று கிளப்பிவிட்டார். நான் கனவிலும் நினைக்காத காரியம். அவ்வளவுதான், குடம், அண்டா, கல்யாணப் பாத்திரம் என்று ஆளுக்கு ஆள் ராப்பகலாகப் பிடித்து நிரப்ப ஆரம்பித்தார்கள். வீடு வீடாகப் போய் இல்லவே இல்லை என்று சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்து இல்லைங்கிறாரே, அப்ப ஏதோ இருக்குது" என்று இன்னும் இரண்டு குடம் பிடித்தார்கள். கைப்பிடித்த மனைவியே என்னை நம்பவில்லை. இட்லிக் கொப்பரையிலும் தண்ணீரை நிரப்பிவிட்டு, "எதுக்கும் இருக்கட்டுங்க" என்கிறாள். வயிறு எரிந்தது மச்சான்.

கடைசியில் பூக்காரி மல்லம்மா குழாயடியில் வைத்து, "பூட்டு போடறது ஹௌதா, நெஜந்தானா சாமி?" என்று கேட்டதும் கோபம் தலைக்கேறி, "ஆமாம்மா, பூட்டும் போடுவேன், தசரா அம்பாரி யானையை நம்ம தெருவுக்குள்ள திருப்பியும் விடுவேன், போ!" என்று கத்திவிட்டேன். மகாராஜா ஏறிவரும் யானை, ராஜவீதியை விட்டு அது எங்கே வரப்போகிறது, ஆத்திரத்தில் சொன்னது. அவளோ பூட்டை அங்கேயே விட்டுவிட்டு யானையை மட்டும் கொண்டுபோனாள். சாயங்காலத்துக்குள் தெருவே வேறு. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு. கடைத் தட்டிகளைக் கழற்றியாயிற்று, யானைக்கு இடிக்குமாம். மாடி வீட்டுக்காரர்கள் உறவுக்கெல்லாம் கடுதாசி போட்டுவிட்டார்கள். மாதப்பன் வந்து, "யானை எப்படிங்க இந்தச் சந்துல திரும்பும்?" என்று நியாயமாகத்தான் கேட்டார். அடிக்காத குறையாக விரட்டினார்கள். நானா? மறுக்கத்தான் வாயைத் திறந்தேன், ஜனங்கள் கைதட்டினார்கள், மூடிக்கொண்டேன். மறுத்துத்தான் ஒரு தடவை பார்த்தாயிற்றே! ஓட்டு வந்து கொட்டியது. பொய்யைக் கிளப்பியவர் தோற்றார், சத்தியம் ஜெயித்தது! தாங்கள் குடும்பத்தோடு தசராவுக்கு வந்து, கவுன்சிலரின் மைத்துனர் என்று தலைநிமிர்ந்து நடக்கவேண்டும்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், மாடுகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
முனிசிபல் கவுன்சிலர் ரத்தினசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் முனிசிபாலிடியிலிருந்து ஆள் வந்தான். ஜனங்கள் பிடித்து வைத்ததில் தண்ணீர்த் தொட்டி வறண்டுவிட்டதாம். குழாய்க்கெல்லாம் பூட்டுப் போட உத்தரவு, கவுன்சிலர் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். பயந்துபோய்க் கமலத்தை உட்காரவைத்து, யானை வராது என்ற உண்மையைச் சொன்னேன். "பூட்டு போட மாட்டேன்னு சொன்னீங்க, போட்டீங்க. இப்ப யானை வராதுங்கறீங்க" என்று சிரித்துவிட்டு, யானைக்கு வாழைக்குலை வாங்கக் கூடையோடு சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். ஆகவே தாங்கள் வரவேண்டாம். யானை ஊர்வலம் வரும் விஜயதசமிக்கு முன்னால் நான் அங்கே வருகிறேன், தனியாக. கொள்ளேகால் மைசூர் சமஸ்தானத்தில் இல்லாமல் மெட்ராஸ் ராஜதானியில் இருப்பது நல்லதாய்ப் போயிற்று.