எங்கள் வீட்டு முன்னால் மட்டும் வெறுங்கரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்றேனே தவிர, உன் அம்மா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. காரணம் கடல்.

நம் தெருவை ஒட்டிய கரையைக் கடல் அரிக்காமலிருக்க, கல்லும் சிமெண்டும் இல்லாமல், அலையாத்திச் செடிகளையும் வலைப்பையில் கட்டிய சிப்பி ஓடுகளையும் வைத்துச் சோதிக்கிறார்கள் என்று போனில் சொன்னேனே, அதுதான். தினமும் அளவுக் கம்புகளைப் பார்த்து மண் எவ்வளவு போயிற்று என்று குறிக்க நம்பகமான ஆள் வேண்டும் என்றார்கள். முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவனை விட்டால் வேறு யார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் அவர்கள் கொடுத்த வரைபடத்தைப் பிரித்தேன். தையல்காரர் வீட்டு முன்னால் செடி, அடுத்த வீட்டு முன்னால் செடியும் சிப்பியும், நம் வீட்டு முன்னால் ஒன்றுமே இல்லை! சோதனையை நடத்தும் ஆராய்ச்சி மேடத்திடம் ஓடினால், எதுவும் செய்யாத கரை ஒன்று இருந்தால்தானே செய்த கரையோடு ஒப்பிட முடியும் என்கிறார். நியாயம்தான். நானும் முத்திரை குத்திய எடைக்கல் இல்லாமல் எந்தத் தராசையும் சோதித்ததில்லை. ஆனால் உன் அம்மா கேட்டாள்: "அடுத்தவங்க வீடு நிக்குதான்னு பாக்க நம்ம வீடு விழணுமா?"

நான்கு மாதத்தில் தையல்காரர் பக்கம் மண் சேர்ந்திருக்கிறது, நம் பக்கம் இரண்டடி போய்விட்டது. ஒரு விரற்கடை கூட்டாமல் குறைக்காமல் எழுதிவந்தேன். ஒன்பது நாளுக்கு முன்னால் போய்ப் பார்க்கிறேன், நம் வெறுங்கரையில் ஆறு செடி நிற்கிறது. ஒவ்வொன்றையும் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது என் நீலச் சட்டையின் கிழிசல். அதற்கு மேல் விசாரணை எதற்கு? சோதனை கெட்டுவிடுமே என்று ஆறையும் பிடுங்கி மேடத்திடம் ஒப்படைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் எழுப்பிய வீடு, எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனாலும் அளவு அளவுதானே. நீ சொன்னால் கேட்பாள், சோதனை முடிய இன்னும் எட்டு மாதம் பொறுக்கச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தங்கள். நோய்நொடியின்றி மனநிறைவோடு இருங்கள்.

இப்படிக்கு,
அளவு தவறாத உன் அப்பா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இன்று காலை அளவெடுக்கப் போனேன். கடைசிக் கம்பைக் காணவில்லை. நம் கடல்பக்கத்து வாசற்படிக்குக் கீழே மண் இல்லை, படி அந்தரத்தில் நிற்கிறது. அந்தப் படியில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை, மகளே. நேராக மேடத்திடம் போய்ச் செடிகளைக் கேட்டேன். குறிப்பேட்டில் என்ன எழுதட்டும் என்றார். "அளவெடுக்கிறவனே கெடுத்துட்டான்னு எழுதுங்க" என்றேன். அவர் ஒன்றும் எழுதாமல் பதினோரு செடியும் எட்டு மூட்டைச் சிப்பியும் கொடுத்தார். உன் அம்மா குழி தோண்டினாள், நான் நட்டேன். ஆகையால் நீ அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். பதினொன்றில் ஏழு கோணலாம்.