பீரோ மலையேறிய படம்

விழா மலரைப் பிரித்த விமர்சகர் சட்டென்று மூடிவிட்டு, மெல்ல மறுபடி பிரித்தார். ‘அன்று வந்த விமர்சனம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் தலை நிறைய முடியோடு அவருடைய பழைய புகைப்படம். ஆள் நானில்லை என்று சொல்லவும் வழியில்லை.

“இதைச் சோகப் படம் என்கிறார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கதாநாயகன் பீரோவை முதுகில் சுமந்துகொண்டு மலையேறும்போது நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன்.”

இளமைத் திமிரில் எழுதியது. அதற்குப் பிறகு அந்தப் படம் காவியமாகிவிட்டது. பீரோ மனிதகுலத்தின் பாரம் என்று எழுதி ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கினார். இல்லை, அது இறந்துபோன தாய் என்று எழுதி இன்னொருவரும் வாங்கினார். இன்று அதற்குப் பொன்விழா. இயக்குநரே வந்திருந்தார்.

“அன்னைக்கே சொன்னேன், நல்ல படம், வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னு” என்றாள் மனைவி. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த படம். அவள் தேம்பித் தேம்பி அழ, பக்கத்தில் இவர் சிரித்துத் தொலைத்ததில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

“வா, சத்தமில்லாம வீட்டுக்குப் போயிடலாம்.”

அதற்குள் விழாச் செயலாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க சார் கிளம்பிட்டீங்க? டைரக்டர் உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவர் பக்கத்துலயே சீட்டு போட்டாச்சு.”

“எதுக்குப்பா?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“தெரியல சார். ‘அந்த ஆளை நான் நேர்ல பாக்கணும்’னாரு.”

அரை நூற்றாண்டுக் கோபம். முதல் படத்தைக் கேலி செய்தவனை யார் சும்மா விடுவார்கள்? விமர்சகர் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார்.

“அது பாதி விமர்சனம்தான் தம்பி. முதல்ல சிரிச்சேன், அப்புறம் தாங்க முடியாம அழுதேன்னு எழுதியிருந்தேன். இடமில்லைன்னு எங்க ஆசிரியர் பின்பாதியை வெட்டிட்டாரு. பாவம், இப்ப அவரும் இல்ல.”

செயலாளரின் கண் கலங்கியது. அதோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். செயலாளர் நேரே மேடையேறி, மைக்கைப் பிடித்து, அரங்கம் முழுவதற்கும் சொல்லிவிட்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. இயக்குநர் மட்டும் கைதட்டவில்லை. தலையைத் திருப்பி விமர்சகரையே பார்த்தார்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. பீரோ வந்தது.

கதாநாயகன் மூச்சு வாங்க ஏறுகிறான். கதவு திறந்து ஒரு சட்டை விழுகிறது. பீரோவை இறக்கி, சட்டையை எடுத்து உள்ளே வைத்து, மறுபடி சுமக்கிறான். இரண்டடி வைப்பதற்குள் வேட்டி விழுகிறது. அரங்கமே விசும்பியது. விமர்சகருக்கோ அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வயதானாலும் புத்தி மாறவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். தொடையைக் கிள்ளினார், உதட்டைக் கடித்தார், கடைசியில் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது.

“அழறீங்களா!” மனைவி பெருமையோடு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இயக்குநர் திரையைப் பார்க்கவே இல்லை. இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்ததும் அருகே சாய்ந்தார். “தம்பி, உண்மையைச் சொல்லுங்க. அந்த பீரோ வர்ற இடத்துல கூடவா அழுதீங்க?”

“அந்த இடத்துலதாங்க ரொம்ப அழுதேன். சத்தியமா. இப்பக்கூட பாருங்க” என்று நனைந்த கைக்குட்டையை நீட்டினார் விமர்சகர்.

“அன்னைக்குச் சிரிச்சதா எழுதினது?”

“சின்ன வயசு. சும்மா வீம்புக்கு எழுதினதுங்க. மனசார சிரிக்கல.”

இயக்குநர் தலையை மெல்ல ஆட்டினார். அந்த முகம் வாடியதைப் பார்க்க விமர்சகருக்கே பாவமாக இருந்தது. கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

அவர் விட்டுச்சென்ற சால்வையை எடுக்க, மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி குனிந்தார். விமர்சகர் பதறிப்போய், “ஐயாவுக்கு என் மேல இன்னும் கோபமாம்மா?” என்று கேட்டார்.

“கோபமெல்லாம் இல்லீங்க. அவர் எடுத்தது சிரிப்புப் படம். ஊரே அழுததுல வெளிய சொல்ல முடியாமப் போச்சு. ஒரே ஒருத்தர் சிரிச்சாருன்னு இத்தனை வருஷமா உங்களைத்தான் நம்பிக்கிட்டிருந்தாரு.”