தூலாங் மலையின் நாற்பது குச்சிகள்

இயேசு மரி சூசை துணை

தூலாங் மலையடி,
சாஆ, ஜொகூர்.
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள கேப்ரியல் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் ஐலீன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், நாய், மலையடியின் நாற்பத்து மூன்று வீடுகள், எல்லாரும் சுகம். மலையும் இதுவரை சுகம். தெப்ராவில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் அதே அளவு சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள். காகிதத்தில் கட்டைவிரல் போட்டால் அது சம்மதமாகிவிடும். யோசித்துத்தான் போடுவீர்கள்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். "ஐலீன், நான் சம்பளக்காரன்மா. புது கம்பெனி திங்கக்கிழம மலைக்குப் போகச் சொல்றாங்க. பழைய கம்பெனி இழுத்து மூடிட்டான், அவன் கணக்கு, சர்வே படம் எல்லாம் கேஸ்ல கெடக்கு. குச்சி இருந்தா ரோட்டுக் கோடு இருக்கு. குச்சி இல்லன்னா சர்வே மொதல்லேர்ந்து. கொஞ்சம் மேல போய்ப் பாத்துச் சொல்லேன், குச்சி இருக்கா?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

இதுதான் பதில். கொஞ்சம் நீளம்.

முதலில் ஊற்று. மலையின் இடுப்பில், பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்ட வெயில் சரிவுக்கு நடுவே இருக்கிறது. கறுப்புக் குழாய் ஒன்று அங்கிருந்து இறங்கி நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போகிறது. போன வறட்சியில் பட்டணத்தில் ஆட்கள் வாளியோடு வரிசை நின்றபோது நாங்கள் இங்கே நாயைக் குளிப்பாட்டினோம். உங்கள் இருபத்து மூன்றாம் குச்சி அந்த ஊற்றின் தலையில் நிற்கிறது. நெடுஞ்சாலை வந்தால் மலையை அங்கேதான் பிளப்பார்கள். ஊற்று போய்விடும். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் நடந்த கூத்து.

கூத்து நீங்கள் வந்த நாளில் தொடங்கியது. இரண்டு வருடம் முன்பு. பதினொரு நாள் நம் வீட்டில் தங்கினீர்கள். எதற்கு அளக்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். "தெரியலக்கா, அளக்கச் சொன்னாங்க" என்று இன்னொரு துண்டுக் கோழி எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். அப்பா உங்கள் கருவிக்குக் குடை பிடித்தார். நான் குச்சி எண்ணைச் சரிவின் உச்சியிலிருந்து கத்திச் சொன்னேன். நான்காம் நாள் குச்சி ஏற்றிய லாரி சேற்றில் புதைந்தது. மலைச்சரிவுக்கு ஒரு குச்சிகூட இல்லை. "மச்சான், இதுக்குப் போய் கவலப்படுறியா?" என்று அப்பா பாராங் கத்தியை எடுத்துப்போய்க் கொல்லையிலிருந்த முருங்கையை மொட்டையடித்தார். நாற்பது கிளை. நீங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயம் அடித்து நட்டீர்கள். எங்கள் மலையைப் பிளக்கும் கோட்டை எங்கள் முருங்கையால் நாங்களே போட்டுக் கொடுத்தோம். இதை நான் மனுவில் எழுதவில்லை.

பிறகு நெடுஞ்சாலை அறிவிப்பு வந்தது. பார்க்கவில்லை. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் இருந்தது. தெரியவில்லை. தெரிந்தபோது முப்பத்து நான்காம் நாள். நான் ஜொகூர் பாருவில் வேலையை விட்டுவிட்டு வந்தேன். நேர்மையாகச் சொல்கிறேன் மாமா, சாலை வேண்டாம் என்று மனு எழுத நான் காரில்தான் வந்தேன். வளைவுகளில் இரண்டு முறை இறங்கி வாந்தியும் எடுத்தேன். சாலை எதற்கு என்று எனக்கும் தெரியும். ஊற்று எதற்கு என்றும் தெரியும். இரண்டையும் ஒரே நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் குடிக்க முடிந்தது.

சர்புதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் குழு கூடியது. பாய் தலைவர். எனக்கு மலாயில் தட்டச்சு தெரியும் என்பதால் நான் செயலாளர். பாயின் மகள் ஷாஸியா வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறாள், அவள் சட்டம் சொன்னாள். அந்தச் சமயத்தில்தான் பழைய கம்பெனி படுத்தது.

"அங்கிள், ஆண்ட்டி, எல்லாரும் கேளுங்க. சர்வே குச்சியப் புடுங்குனா குத்தம். அசைச்சா குத்தம். ஒடச்சா குத்தம். ஆனா மரக்குச்சி எத்தன மழ தாங்கும்? லாலாங் புல்லு மூடிடும். கறையான் தின்னுடும். அப்புறம் புது சர்வே, புது அறிவிப்பு, புதுசா முப்பது நாள். இந்தத் தடவ நாம தூங்க மாட்டோம். அதனால நீங்க செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னுதான்."

"என்னம்மா?"

"ஒன்னும் செய்யாதீங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒன்றும் செய்யாதிருத்தல். முப்பத்தொரு கைகள் உயர்ந்தன. பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பு என்றால் பதாகை, கோஷம், கைது என்று படித்திருந்தேன். இது சுலபமாகத் தோன்றியது.

அந்த முப்பத்தொரு கைகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாம் தோட்டத்துக் கைகள்.

மூன்றாம் வாரம் மேலே போனேன். முதல் குச்சி. அதைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் புல் இல்லை. செம்பனைக் கன்றுக்கு வெட்டுவதுபோல் அச்சாக ஒரு வட்டம். இரண்டாம் குச்சிக்கும் வட்டம். நாற்பதுக்கும். கீழிருந்து பார்த்தால் யாரோ மலைக்குச் சட்டைப் பொத்தான் தைத்ததுபோல் இருந்தது. புது கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டே நடந்து போகலாம்.

ராசம்மா அக்காவைப் பிடித்தேன். முப்பது வருடம் புல் வெட்டியவர். கையில் அரிவாள்.

"நான் குச்சியத் தொடலியேம்மா. புல்லத்தான் வெட்டுனேன்."

"அக்கா, புல்லு மூடணும்னுதானே தீர்மானம்?"

"தீர்மானம் சரிதான். ஆனா வரிசையா நட்டு வச்சிருக்கு, சுத்தி லாலாங் ஏறுது. பாத்துக்கிட்டு சும்மா எப்படிம்மா போறது? ராத்தூக்கம் வரமாட்டேங்குது."

சரி, தனியாள் தவறு என்று காவல் போட்டேன். ஆளுக்கு ஒரு நாள், மலையில் உட்கார்ந்து யாரும் புல் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. காவல் இருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை, பொழுது போகாததால் புல் வெட்டினார்கள், ஒருவர் வெட்டியது கோணல் என்று அடுத்த நாள்காரர் திருத்தி வெட்டினார், மூன்றாம் ஆள் கறையான் புற்றைக் கண்டு மருந்து தூவினார், நான்காம் ஆள் வீட்டில் மிஞ்சிய உரத்தைக் கொண்டுபோய்க் குச்சிக்கு ஒரு பிடி வைத்தார், குச்சிக்கு எதற்கு உரம் என்று நான் கேட்டபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "வட்டம் வெட்டுனா உரம் வைக்கணும் பிள்ள, இல்லாட்டி எதுக்கு வட்டம்?" என்றார், இத்தனைக்கும் நடுவில் அப்பா மட்டும் வீட்டிலேயே நல்ல பிள்ளையாக இருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன், பிறகுதான் தெரிந்தது, நாலு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்ததே அவர். லாசர் மண்டோர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்று ஆறு வருடம். மண்டோர் வேலை மட்டும் ஓயவில்லை.

குச்சிகள் துளிர்த்தன.

மாமா, முருங்கைக் கிளையை நட்டால் துளிர்க்கும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. செத்த கட்டையாயிருந்தால் இரண்டு மழையில் போயிருக்கும். இது உயிரோடு நின்றது. நாற்பதும் நின்றது. சிவப்புத் தலைக்குக் கீழே பச்சை. ஷாஸியா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அலமாக்! ஒன்னும் செய்யாதீங்கன்னுதானே சொன்னேன்? இப்ப இது முப்பது வருஷம் நிக்கும்." அன்று ஊற்றடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. முகம் கழுவ அங்கேயே தண்ணீர் இருந்தது.

காய்த்தபோது இன்னொரு சிக்கல். காய் பறித்தால் சர்வே அடையாளத்தைச் சேதப்படுத்திய குற்றமா? குழுவில் ஒரு மணி நேரம் விவாதம். "சட்டத்துல முருங்கக்கா வரல" என்று ஷாஸியா முடித்துவைத்தாள். மறுநாள் நாற்பத்து மூன்று வீட்டிலும் சாம்பார்.

ராசம்மா அக்கா காய்க்கு எட்டாமல் ஒரு கிளையையே ஒடித்துவிட்டார். உடனே பயம். குற்றமாகிவிட்டதே. காயைப் பறித்துக்கொண்டு, கிளையை எறிய மனம் வராமல், நின்ற இடத்திலேயே நட்டுவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் அதற்கும் ஒரு வட்டம் வெட்டியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து நான் எண்ணினேன். நாற்பத்தொன்று.

மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. எது கூடுதல்? தெரியவில்லை. சாயம் மழையில் போயிருந்தது. விசாரித்தபோது ஒப்புக்கொண்ட ராசம்மா அக்காவுக்கே தெரியவில்லை. கீழே இறங்கி, கடையில், எல்லார் முன்னாலும் சொன்னேன். "நாப்பத்தொன்னு இருக்கு. எது குச்சி, எது மரம்னு தெரியல."

பாய் தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். ஷாஸியா மெதுவாகக் கைப்பேசியில் சட்டத்தைத் திறந்து படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"புடுங்கக் கூடாதுன்னு இருக்கு. அசைக்கக் கூடாதுன்னு இருக்கு. நடக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் முகத்தை நான் ஆறு வருடமாக அப்படிப் பார்த்ததில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்குப் பெரட்டு. லேட்டா வர்றவன் வர வேணாம்."

காலையில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தோட்டத்தில் பேர் வாசித்து வேலை பிரிப்பதுபோல் வாசித்தார். பாயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சனிக்கிழமைகளில் சிங்கப்பூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய பிள்ளைகள் தலைக்கவசத்தோடு நட்டார்கள். கோடு வளைந்தால் அப்பா பிடுங்கி மறுபடி நடச் சொன்னார். "தல செவப்பா இல்லாட்டி வரிசையா தெரியாது" என்று எல்லாவற்றுக்கும் சாயம். உங்கள் குச்சிகளுக்கும் சேர்த்து. சரிவு முழுக்க. எட்டு வரிசை. முந்நூற்றுப் பன்னிரண்டு மரம். ஒவ்வொன்றுக்கும் வட்டம். ஒவ்வொன்றுக்கும் உரம்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். குச்சி இருக்கிறதா? இருக்கிறது மாமா. ஒன்றைக்கூட நாங்கள் பிடுங்கவில்லை. உங்கள் நாற்பதும் அங்கேயே நிற்கின்றன, கூட இருநூற்று எழுபத்திரண்டு உறவினர்களோடு. எது எது என்று எங்களுக்குத் தெரியாது. நீங்களே நட்டவர், உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

ஆகையால் திங்கட்கிழமை வராதீர்கள். உறுதியாகச் சொல்கிறேன். வந்து வெயிலில் நிற்பது வீண். கோடு தெரியவில்லை, முதலிலிருந்து அளக்க வேண்டும் என்று உங்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். அது பொய்யில்லை. அப்புறம் முப்பது நாள் எங்களுடையது. மனு தயாராக இருக்கிறது. நாற்பத்து மூன்று வீட்டுக் கையெழுத்தும் இருக்கிறது. இந்தத் தடவை அறிவிப்புப் பலகைக்கு எதிரே ராசம்மா அக்கா தினமும் உட்காருவார். அவரால் சும்மா இருக்க முடியாது என்பதால் அங்கேயும் புல் வெட்டுவார்.

நீங்கள் சம்பளக்காரர் என்று தெரியும். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாளும் நீங்கள் குடித்தது அந்த ஊற்றுத் தண்ணீர்தான்.

மாமிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். அப்பாவும் அம்மாவும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். உங்களைக் காப்பாற்றும் கடவுள் எங்கள் சரிவையும் ஒரு கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்,
ஐலீன் லாசர்,
செயலாளர், தூலாங் மலை ஊற்றுக் காப்புக் குழு.

பி.கு.: உறையை ஒட்டுமுன் அப்பா இதைப் படித்துவிட்டார். "எது எதுன்னு தெரியாதுன்னு எழுதியிருக்க? ஏன் தெரியாது? மச்சான் நட்ட நாப்பதும் எனக்குத் தெரியுமே. அடிமரம் தடிப்பா இருக்கும். கலந்துடக் கூடாதுன்னு போன வாரமே ஒவ்வொன்ன சுத்தியும் ஆறு வெள்ளக் கல்லு வச்சிட்டேன்" என்றார். பெருமையாகச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய கற்கள். பட்டணத்திலிருந்தே தெரியும் போலிருக்கிறது. கல்லை எடுத்துவிடலாம் என்றேன். அது அடையாளத்தைத் தொட்டதாகுமா என்று ஷாஸியா யோசிக்கிறாள், யோசிக்கிற இடத்தில் கை வைக்காதே என்கிறாள். அப்பாவோ, "வச்ச கல்ல எடுக்குறதாவது! மத்ததுக்கும் வை" என்று நாளைக்குப் பெரட்டு அறிவித்துவிட்டார். இன்னும் இருநூற்று எழுபத்திரண்டு மரம். மரத்துக்கு ஆறு கல். ஆயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கல், அத்தனைக்கும் சுண்ணாம்பு. ஞாயிறு பூசை வேறு இருக்கிறது, எல்லாம் முடிய திங்கள் இரவாகிவிடும். அம்மா உங்களுக்காகத் திங்கட்கிழமைக்கே கோழி சொல்லி வைத்திருக்கிறாள், நான் மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

மாமா, செவ்வாய்க்கிழமை வாருங்கள்.