ஏழாம் நம்பர் மீன்

ஒரு வேலையில் சேர்ந்த புதிதில், உலகமே நம்மால்தான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு வரும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

ஒகேனக்கல் பக்கத்தில் காவிரிக்கென்று ஒரு திட்டம் தயாரித்தார்கள். மீன், நீர்நாய், முதலை, தண்ணீர் குடிக்க இறங்கும் யானை என்று எல்லாவற்றையும் சேர்த்து யோசித்து, ஆற்றை எப்படிக் காப்பாற்றுவது என்கிற திட்டம். அதில் நான் தற்காலிகக் கள உதவியாளர். (எங்கள் அப்பா பென்னாகரம் முழுக்க 'மக கவர்மென்ட்டு ஆபீசரு' என்று டமாரம் அடித்திருந்தார்.) நானும் சும்மா இருந்தேனா? 'இந்த ஆத்துல எனக்குத் தெரியாம ஒரு மீனும் நகராது' என்று வீட்டில் அளந்து வைத்திருந்தேன்.

அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற மேடம் சென்னையிலிருந்து வருகிறார். மீன்கள் எங்கெங்கே போகின்றன என்று பார்க்க, நம்பர் போட்ட சின்ன மஞ்சள் வில்லையை அவற்றின் முதுகில் குத்தி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தோம். ஆறு மீன்களை விட்டாயிற்று. ஏழாவது, நல்ல கொழுத்த கெண்டை, மேடத்தின் கையால் விடுவதற்காகப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் காத்திருந்தது. அதற்குப் பொறுப்பு நான்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மேடத்தின் கார் மாட்டிக்கொண்டது. இங்கே வெயில் ஏறுகிறது, மீன் வாயைப் பிளக்கிறது. பரிசல் ஓட்டும் என் சித்தப்பா மகன் சேகரைப் பிடித்து, இரண்டு பேருமாக டப்பைத் தூக்கிப்போய்ப் புளியமரத்தடியில் வைத்தோம். ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன். அப்படியே மேடத்தை வரவேற்க ரோட்டுக்கு ஓடினேன்.

அந்த மரத்தடியில்தான் மாதம்மாக்கா அடுப்பு வைத்திருக்கிறார். ஒகேனக்கல் வந்தவர்களுக்குத் தெரியும், மீனை வாங்கி அடுப்புக்காரம்மா பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயார். யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அந்த நேரத்தில் மறந்துபோனது. (அறிவு வேலை செய்ய வேண்டிய நேரத்தில் லீவு போட்டுவிடும், என் ராசி அப்படி.)

மேடம் வந்தார். கூடவே பத்துப் பேர். நான் முன்னால் நடந்துகொண்டே, இந்த ஏழாம் நம்பர் மீன் எவ்வளவு முக்கியமானது, மேலே போகிறதா கீழே போகிறதா என்று நாடே காத்திருக்கிறது என்கிற தோரணையில் பேசிக்கொண்டே போனேன். மரத்தடியில் நின்று, சிலை திறப்பு விழாவில் திரை விலக்குகிற மாதிரி சாக்கை எடுத்தேன்.

தண்ணீர் இருந்தது. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

ஓட்டை இருக்குமோ என்று டப்பின் அடியை வேறு தடவிப் பார்த்தேன். அப்போது அடுப்படியிலிருந்து மாதம்மாக்கா குரல் கொடுத்தார்.

"ஏழாம் நம்பர் யாருதுங்க? வறுவல் ஆயிப்போச்சு, ஆறிப்போவுதுங்க."

வாழை இலையில் துண்டு துண்டாக என் மீன். இலையின் ஓரத்தில், கழுவித் துடைத்த மஞ்சள் வில்லை. மீன் மாறிப்போகாமல் இருக்க யாரோ புத்திசாலி டோக்கன் குத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்து, மாதம்மாக்கா அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "ஏம்மா, கொழம்பு வேணும்னா தலையை எடுத்து வெச்சிருக்கறேன்" என்றார்.

பூமி பிளந்தால் உள்ளே குதித்திருப்பேன். பாறைதான் பிளக்கவில்லை. வேலை போச்சு, அப்பா மானம் போச்சு என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. மேடம் இலையைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"நீர்நாய், முதலை, யானை எல்லாத்தையும் திட்டத்துல சேர்த்தோம். இந்த அடுப்பை விட்டுட்டோமே" என்றார்.

அடுத்த திட்டக் கூட்டத்தில் மாதம்மாக்காவுக்கு முன்வரிசை நாற்காலி. எனக்கு வேலை நீடித்தது. கூடவே, உயிர்மீனைச் சமையல் அடுப்புக்கு அருகில் வைக்கக் கூடாது என்று களப்பணி விதிகளில் ஒரு வரி ஏறியது. அவ்வளவு பெரிய திட்டத்தில் என் சொந்தப் பங்களிப்பு அந்த ஒரு வரிதான்.

நான் வீடு போவதற்குள் சேகர் செய்தியைக் கொண்டு சேர்த்திருந்தான். பிறகு அது தன்னால் பஸ் ஏறிப் பரவியது. இரண்டு வருடம் கழித்து சித்தேரிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கேட்ட ஒரே கேள்வி, "அந்த ஏழாம் நம்பரு நீங்கதானுங்களா?"

அவரையே கட்டிக்கொண்டேன். மீன் அவர்தான் வறுப்பார், நன்றாகவே வறுப்பார். ஆனால் கூடத்தில் எத்தனை விருந்தாளி இருந்தாலும் சரி, அடுப்படியிலிருந்து சத்தமாகக் கூப்பிடுவார்.

"ஏழாம் நம்பர் யாருதுங்க?"

கையைத் தூக்கினால்தான் எனக்குத் தட்டு வரும்.