இரண்டு பூட்டு, ஒரு தூக்கம்

பகல்கனவு காண்கிற பெண்ணைப் பொறுப்பான வேலைக்கு வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. கேட்டுவிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சமூகப்பணி படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். நான் ஒருங்கிணைக்க வேண்டியவை இரண்டு ஊர்கள்: கொன்னைமேடு, புங்கநல்லூர். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். இன்றும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போய் வருகிறேன், உயிர் மேல் ஆசை இருக்கிறது.)

ஏரிக்கரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஊர்கள்தான். கம்பெனி பஸ் எந்த ஊர் முனையில் நிற்பது என்று ஆரம்பித்த சண்டை, ஒருவர் பெயர்ப்பலகையை ஒருவர் உடைத்து, போலீஸ் வரைக்கும் போய், கடைசியில் பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விட்டது. ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில், ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பார்கள். வாய் மட்டும் திறக்காது.

இதற்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அங்கே ஓர் எல்லை. அதன் இரண்டு பக்கத்து ஜனங்களும் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டு ஓய்ந்தவர்கள். அந்தச் சமாதானம் நிலைக்கவும் வட்டாரம் முன்னேறவும் ஐரோப்பிய நிதி வருகிறது. அதை இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். தனியாகப் போய்க் கேட்டால் கிடையாது. எதிர்ப்பக்கத்து ஆளையும் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. இந்த வழிமுறை வெளிநாட்டில் எடுபடுமா என்று பார்க்க ஒரு சிறு திட்டம் போட்டார்கள். அது எப்படியோ எங்கள் செயலாளர் கையில் வந்து சேர்ந்தது.

அந்த உதவியில் இரண்டு ஊர் எல்லையிலும் பாதிப்பாதி விழும்படி ஒரு கூடம் கட்டினோம். இரண்டு ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் அங்கே மின்சாதனச் சோதனைப் பயிற்சி. முடித்தால் கம்பெனிகளில் நல்ல வேலை. பயிற்சி பாதி ஓடியிருந்தபோது, மீதிப் பாதியைத் தொடரலாமா என்று பார்த்து முடிவு சொல்ல அந்த எல்லை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வருவதாகக் கடிதம் வந்தது. எல்லையின் இந்தப் பக்கத்து அம்மா ஒருவர், அந்தப் பக்கத்து ஐயா ஒருவர். கூடவே ஒரு படிவம். அதில் ஒரு கேள்வியை மட்டும் மூன்று தரம் படித்தேன்: 'ஒருங்கிணைப்பாளர் இல்லாமல் இரு தரப்பினரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்களா?'

எங்கே பேசினார்கள்? கொன்னைமேட்டுக்குப் பொறுப்பு நாகம்மா அக்கா, கம்பெனி கேன்டீனில் மேற்பார்வை பார்ப்பவர். புங்கநல்லூருக்குத் தேவராஜ் அண்ணன், லைன் சூப்பர்வைசர். அக்காவின் மகளும் அண்ணனின் தம்பி மகளும் அதே வகுப்பில் படித்தார்கள். இருந்தும் கூட்டம் என்றால் இப்படித்தான் நடக்கும்.

"ஏம்மா கலை, ஃபேன் ரிப்பேரா கீது, அவங்கூரு எலக்ட்ரீசியன அனுப்ப சொல்லு" என்பார் அக்கா. அண்ணன் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார்.

நான் திரும்பி, "அண்ணே, எலக்ட்ரீசியனை அனுப்பச் சொல்றாங்க" என்பேன்.

"நாளிக்கி வருவான்னு சொல்லிடும்மா" என்பார் அண்ணன்.

நான் மறுபடி திரும்புவேன். ஒரு வருஷம் இப்படித் திரும்பித் திரும்பி என் கழுத்தே தேய்ந்துவிட்டது. அதைப் பெரிய ராஜதந்திரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லுங்கள்.

போதாக்குறைக்கு நானே சில விதிகளைக் கண்டுபிடித்தேன். கூடத்துக்கு ஒரே கதவு, வெளியே இரண்டு பூட்டு. ஒரு சாவி அக்காவிடம், ஒரு சாவி அண்ணனிடம். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். பேனரில் எந்த ஊர்ப் பெயர் முதலில் வருவது என்ற பிரச்சினைக்கு, இரண்டு பெயரையும் வட்டமாக எழுதச் சொன்னேன். ஒரகடத்தில் பேனர் அடிப்பவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், படிக்கிறவங்க தலகீழா நிக்கணுமா?" என்று கேட்டார். நான் புன்னகைத்தேன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் புன்னகைப்பார்கள் என்பது என் எண்ணம்.

அந்த நாள் வந்தது. மணிமங்கலத்தில் எங்கள் வீடு. முதல் ஷிஃப்ட் பஸ்ஸில் எனக்கு ஓர் ஓரத்து சீட் உண்டு, கம்பெனியில் சொல்லி வாங்கியிருந்தோம். அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விடிந்தும் விடியாத வெளிச்சம். உள்ளே ஐம்பது பேர் தூங்குகிற மூச்சு. ஜன்னலுக்கு வெளியே ஏரி மேல் மெல்லிய புகை மாதிரிப் பனி, அதற்கு அப்பால் தொழிற்சாலை விளக்குகள் வரிசையாக மிதந்துகொண்டிருக்கும். அது ஒரகடம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். எனக்கு அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாடு. அன்றைக்கு அந்த ஐரோப்பிய எல்லை. பச்சை மேடுகள், கல் வேலி, செம்மறி ஆடுகள், ஒரு நீளமான மண்டபம். அதில் நான் பட்டுப்புடவையில் நின்று, சமாதானம் செய்வது எப்படி என்று அவர்களுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

சளி பிடித்திருந்ததால் கிளம்பும்போதே அம்மா ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். "தூக்கம் வரும்டி" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான்தான் ஐரோப்பாவில் இருந்தேனே, காதில் விழவில்லை.

ஏழரைக்கு அக்காவும் அண்ணனும் வந்து பூட்டைத் திறந்தார்கள். பாய் விரித்தோம், கோலம் போட்டோம், வாசலில் பேனரைக் கட்டினோம். பிறகு நான் திட்டத்தைச் சொன்னேன்: இருவரும் வீட்டுக்குப் போய் உடுத்திக்கொண்டு பத்தரைக்கு வர வேண்டும். கதவில் இரண்டு பூட்டும் தொங்க வேண்டும். விருந்தினர் முன்னால் இரண்டு சாவியும் ஒரே நொடியில் திரும்ப வேண்டும். நான் பத்து மணிக்கே வல்லக்கோட்டை ரோட்டு முனைக்குப் போய், செயலாளரோடு காரில் வருகிறவர்களை அழைத்து வருவேன். இருவரும் தலையாட்டிவிட்டு ஆளுக்கு ஒரு திசையில் போனார்கள்.

இரண்டு ஆடுகள் கோலத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தன. விரட்டிவிட்டு, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். வரவேற்புரையை ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம் என்று பாயில் உட்கார்ந்தேன். ஏரிக் காற்று ஜன்னல் வழியாக வந்தது. ஃபேன் ஒரு தாளத்தில் சுற்றியது. கொஞ்சம் சாய்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் பிற்பாடு நாகம்மா அக்கா சொன்னது.

பத்தரைக்கு இருவரும் வந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. நான் ரோட்டுக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்து, சொன்னபடி இரண்டு பூட்டையும் போட்டுவிட்டுச் சாவியோடு காத்து நின்றார்கள். வல்லக்கோட்டை முனையில் செயலாளர் எனக்காகக் காத்திருந்தார், போன் மேல் போன் போட்டார். போன் கூடத்துக்குள், பைக்குள், சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் டீக்கடையில் வழி கேட்டு வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு ஊரும் திரண்டு நிற்க, அக்கா ஒரு பூட்டில், அண்ணன் ஒரு பூட்டில், ஒரே நொடியில் சாவியைத் திருப்பினார்கள். கைதட்டல். கதவைத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை.

பழக்கதோஷம், இருவரும் என்னைத் தேடியிருக்கிறார்கள். எதையும் நான்தானே எடுத்துச் சொல்ல வேண்டும். நான் இல்லை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, முதன்முதலாக அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள தாப்பா போட்டுக்கீது. உங்க ஆளு யாரு உள்ள?"

"எங்க ஆளா? சாவி ஒண்ணு உன்னாண்டதான கீது? வெள்ளக்காரன் வர்ற அன்னிக்கே எங்க மானத்த வாங்கணும்னு பண்ணிகினியா?"

பிறகு பஸ் நிறுத்தம், பெயர்ப்பலகை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. இரண்டு பக்கமும் கூட்டம் முன்னால் நகர்ந்தது. செயலாளர் கையில் இருந்த சால்வைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாராம். வந்திருந்த அம்மாவும் ஐயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. வகுப்புப் பெண்கள் ஓரமாக நின்று அழ ஆரம்பித்தார்கள், மீதிப் பயிற்சி போயிற்று என்று.

அக்காவின் மகள்தான் ஜன்னலில் எக்கிப் பார்த்தாள். "அம்மா, கலை அக்கா கீழ கெடக்குது. அசையவே இல்ல."

அக்கா ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கத்திப் பார்த்தார். நான் அசையவில்லை. மாத்திரை அப்படி. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவராஜூ, பொண்ணுக்கு இன்னாவோ ஆயிட்சி, கதவ ஒடடா" என்று அழுதார்.

"நீ நகரு நாகம்மா. டேய், கடப்பாற எடுத்தாங்கடா. உங்கூரு பசங்களையும் கூப்புடு."

இரண்டு ஊர்ப் பையன்களும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்து ஐயா கோட்டைக் கழற்றி இந்தப் பக்கத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவரும் ஒரு தோள் கொடுத்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாளோடு கதவும் பெயர்ந்து விழுந்தது.

இதற்குள் அந்த நீளமான மண்டபத்தில் நான் என் உரையை முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். கதவில் விழுந்த இடியெல்லாம் எனக்குக் கைதட்டலாகக் கேட்டது. கூட்டம் எழுந்து என்னை நோக்கி ஓடி வந்தது. நானும் எழுந்தேன். கண்ணைத் திறந்தேன், கூட்டம் அப்படியே இருந்தது. அதனால் கை கூப்பி, தெளிவான ஆங்கிலத்தில், "உங்கள் அனைவரையும் வரவேற்பதில் பெருமைப்படுகிறேன்" என்று ஆரம்பித்தேன். கன்னத்தில் பாயின் கோடுகள், வாயோரத்தில் எச்சில். ஒரு முழுப் பத்தி சொன்ன பிறகுதான் கதவு தரையில் கிடப்பதைக் கவனித்தேன்.

நாகம்மா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் திட்ட ஆரம்பித்தார். அவர் மூச்சு வாங்கும்போது அண்ணன் தொடர்ந்தார், அண்ணன் நிறுத்தும்போது அவர் எடுத்துக்கொண்டார். "மாத்திர போட்டுகினு வேலைக்கி வருவியா?" "தாப்பா எதுக்குப் போட்ட?" "செத்துப்புட்டியோன்னு பயந்துகினோம்மே." இரண்டு ஊரும் சுற்றி நின்று ஒரே குரலில் திட்டியது. நான் யார் பக்கமும் திரும்பவில்லை. திரும்ப அவசியமும் இருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அக்காவும் அண்ணனும் அடுத்தடுத்து உட்கார்ந்து, என்னை எப்படித் திருத்துவது என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். எதிரில் இருந்த அந்த வெளிநாட்டு அம்மா படிவத்தை எடுத்து என்னவோ எழுதினார். மீதிப் பயிற்சிக்கு அனுமதி இரண்டு வாரத்தில் வந்தது.

அனுமதி வந்த அதே வாரத்தில் அக்காவும் அண்ணனும் சேர்ந்து அலுவலகத்துக்கு வந்து, செயலாளரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஓர் உறையைத் தந்தார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து எழுதிய முதல் கடிதம், பத்திரமாகக் கொண்டுபோ என்றார்கள். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

'கலைச்செல்வி நல்ல பொண்ணு. எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது நடுவில் இருந்தால் நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். அதனால் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடவும்.' கீழே இரண்டு கையெழுத்து, பக்கத்துப் பக்கத்தில்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். எனக்கு அந்தக் கூடத்தின் மேல் அவ்வளவு ஆசை. என் ஒரு வருஷ உழைப்பை விட என் மூன்று மணி நேரத் தூக்கம் பிரயோஜனமாக இருந்தது என்பதை ஜீரணிக்க நாளாயிற்று.

இப்போது கல்யாணமாகி, கூட்டுக் குடும்பம். கணவரும் அவர் அண்ணனும் எதற்காவது முறைத்துக்கொண்டு, நான் "என்ன விஷயம், நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்று நடுவில் போனால் போதும், மாமியார் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார்: "கலை, நீ போய் செத்த படும்மா. அவனுங்க பேசிப்பானுங்க."

நானும் போய்ப் படுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேசி முடித்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.