பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர் இல்லை

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மற்றவர்களுக்கு அது பழமொழி, எனக்கு பயோடேட்டா.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. அடுக்குமாடி வீடுகளின் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே மோட்டாரைப் போடும் நீலப் பெட்டிகளைச் செய்தோம். உள்ளே லினக்ஸ், சிம் கார்டு போட்ட மோடம். ஊருக்குள் பன்னிரண்டு பெட்டிகள். ஆபீஸில் உட்கார்ந்தபடியே அவற்றின் மென்பொருளை மாற்றலாம் (அன்றைக்கு என் நினைப்பில் நான் மந்திரவாதி).

"மொதல்ல ஒண்ணுக்கு அனுப்பு. ஒரு நாள் ஓடட்டும், அப்புறம் மத்தது" என்றார் முதலாளி. எனக்கோ அன்று மாலை நெல்லித்தோப்பில் பெண் பார்க்கும் படலம். மதியமே பன்னிரண்டு பெட்டிகளுக்கும் ஒரேயடியாக அனுப்பிவிட்டு, பதில் வந்ததா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பினேன். மேஜையில் ஒயர் செருகிச் சோதித்த அந்த மென்பொருளில், மோடத்தோடு பேசும் பகுதியையே சேர்க்கவில்லை; மோடம் கிடைக்காமல் பெட்டி அப்படியே நின்றுவிடும், ஆபீஸிலிருந்து அதைத் தொடவும் முடியாது. கோளாறானால் பழையதற்குத் திரும்பவும் வழி வைக்கவில்லை.

பெண்ணின் அப்பா காபியை நீட்டினார். "கோச்சுக்காதீங்க தம்பி, கேன் தண்ணியில போட்டது. மத்தியானத்துலேர்ந்து டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. தட்டாஞ்சாவடியில எவனோ ஒக்காந்துகிட்டு பொட்டிய நோண்டிட்டானாம்."

என் அம்மாவின் முகம் மலர்ந்தது. "எம் புள்ளயும் தட்டாஞ்சாவடிதாங்க! அவன் யாருன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்திருந்தது. கதவோரம் நின்ற பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துப்போயிருந்ததால் பொய் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான்தாங்க அது."

"இந்தச் சம்பந்தமும் போச்சு" என்று அம்மா எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துச் சொன்னார். அறை முழுக்கக் கேட்டது.

நல்லவேளை, லேப்டாப் பை கையிலேயே இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு மொட்டைமாடி ஏறி, பெட்டியில் ஒயரைச் செருகிப் பழைய மென்பொருளை ஏற்றினேன். பெண்தான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி பொட்டிக்கு அனுப்புனீங்க?"

"பன்னெண்டு."

"ஒண்ணுக்கு அனுப்பிப் பாத்திருக்கலாமில்ல?"

மோட்டார் உறுமியது. கீழே நாலு வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கைதட்டல். மீதிப் பதினொரு மாடிகளையும் மறுநாள் முழுக்க ஏறினேன், முதலாளி ஒவ்வொரு மாடிக்கும் போன் போட்டுத் திட்டினார்.

மூன்றாம் நாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. தாலி கட்டக் குனிந்தபோது மாமனார் மண்டபமே கேட்கும்படி சொன்னார்: "மாப்ள, ஒரு முடிச்சு போட்டதும் நிறுத்திடுங்க. மீதி ரெண்டையும் ஒங்க அக்கா போடட்டும். பெரியவங்க ஒங்கள மாரி ஆளப் பாத்துட்டுதான் அப்பிடி வெச்சிருக்காங்க."

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் முடிச்சு விழுந்ததும் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள்.