முந்திக் கிளம்பும் அப்பா

முந்திக் கிளம்பும் அப்பா என்று ஓர் இனம் உண்டு. பிரான்சில் ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைகளில், தெற்கே கடலுக்குப் போகும் நெடுஞ்சாலைகளில் இந்த இனத்தைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். மற்ற நாட்களில் பல் மருத்துவராகவோ பள்ளி ஆசிரியராகவோ சாதுவாகத்தான் இருப்பார். கடலோர வாடகை வீட்டின் சாவி சனிக்கிழமைதான் கிடைக்கும் என்று தெரிந்ததும் தளபதியாகிவிடுவார்.

திஜோன் நகரத்து எத்தியேனையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கிளம்பாதீர்கள் என்று வானொலி வாரம் முழுக்கக் கத்தியது. அது முட்டாள்களுக்குச் சொன்னது என்று எத்தியேன் முடிவுகட்டினார். ஊரே தூங்கும்போது கிளம்பிவிட்டால்? இந்த யோசனை உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தோன்றியது என்று நம்பி, கூரைமேல் பெட்டியைக் கட்டி, பின்னால் சைக்கிள்களை மாட்டி, ஐந்து வயது கப்பூசினையும் அவள் தம்பி பசீலையும் தூக்கக் கலக்கத்தோடு தூக்கிவந்து பின்சீட்டில் கட்டி, மனைவி சொலேனின் கையில் காப்பி பிளாஸ்க்கைத் திணித்து, விடியுமுன் சாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே யார்? கூரையில் பெட்டியும் பின்னால் சைக்கிளுமாக, நாட்டிலுள்ள அத்தனை அப்பாக்களும். வழியில் லியோன் நகரம் வருவதற்குள் வண்டிகள் நத்தையாகிவிட்டன.

மனிதர் அசருவாரா? இன்னொரு அஸ்திரம் வைத்திருந்தார்.

"மணி பன்னிரண்டு அடிச்சா எல்லாரும் சாப்பிட ஒதுங்கிடுவாங்க. ரோடு காலி. அப்போ நாம பறக்குறோம்!"

"புள்ளைங்களுக்குப் பசிச்சா?" என்றாள் சொலேன்.

"பிஸ்கட் குடு."

பன்னிரண்டு அடித்தது. சாலை நிஜமாகவே காலியானது. எத்தியேன் பறந்தார். ஆனால் அவரும் அந்த நாட்டில் பிறந்தவர்தானே? சொலேன் கூடையைத் திறக்க, பாலாடைக்கட்டி வாசனை முன்சீட்டுக்கு வர, தளபதியின் வயிறு கட்சி மாறியது. அடுத்த இளைப்பாறுமிடத்தில் வண்டி நின்றது.

"நின்னுக்கிட்டே சாப்பிடணும்! யாரும் உட்காரக் கூடாது!"

வாயில் அவித்த முட்டையோடு அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயையோ, அந்தச் சிவப்பு வண்டியை இப்பதான் முந்தினேன்! ஏறுங்க, ஏறுங்க!"

ஏறினார்கள். சாப்பாட்டை வைத்த மேசைமேல் லூலூ தங்கிவிட்டது.

லூலூ கப்பூசினின் துணி முயல். ஒரு காது கிடையாது. துவைக்க அனுமதி கிடையாது. அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் கிடையாது. அவள் தூங்காவிட்டால் வீட்டில் யாருக்கும் விடுமுறை கிடையாது.

"அப்பா, லூலூ எங்க?"

எத்தியேனுக்கு முட்டை விக்கியது. "கடையில புதுசு வாங்கலாம், கண்ணு."

"புதுசு லூலூ இல்ல!"

அக்கா அழ ஆரம்பித்ததும் விஷயமே தெரியாத தம்பியும் சேர்ந்துகொண்டான்.

"லூலூவா, சிவப்பு வண்டியா? இப்பவே சொல்லிடுங்க," என்றாள் சொலேன். "ராத்திரி முழுக்கத் தாலாட்டப்போறது நீங்கதான்."

நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் அடுத்த வழியில் இறங்கி, வந்த திசைக்கே திரும்பி, அன்று முழுக்க உயிரைக் கொடுத்து முந்திய ஒவ்வொரு வண்டியும் எதிர்ப்பக்கம் கடலை நோக்கிப் போவதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டே போய், மறுபடி திரும்பி அந்த இடத்துக்கு வந்தார். காரை விட்டு இறங்கி ஓடினார். அதே மேசையில் இன்னொரு அப்பா, ஒரு கையில் தக்காளியும் மறு கையில் லூலூவுமாக நின்றிருந்தார்.

"உங்களுதா சார்? பத்திரமா வெச்சிருந்தேன். நாங்க விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம், கூட்டமே இருக்காதுன்னு..."

இப்படியும் ஒரு அசடா என்று எத்தியேன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சாயங்காலம் கடலோரம் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில்தான் சாவிக்கு நின்றன. கப்பூசின் முயலோடு அலைக்குள் ஓடினாள். எத்தியேனும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். வாய் ஏதோ முணுமுணுத்தது: 'அடுத்த சனிக்கிழமை திரும்பும்போது கிராமத்து வழியா, இன்னும் சீக்கிரமா...'

கப்பூசின் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, லூலூகூட வந்துடுச்சு. நீ எப்ப வருவ?"

பாவம் எத்தியேன், இல்லையா? நன்றாகச் சிரியுங்கள். போன தடவை குடும்பத்தோடு வெளியூர் கிளம்பியபோது, பிள்ளைகள் செருப்பு மாட்டும் முன்பே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தது யார்?